பின் கண்ணாடியைத் துடைக்காதே

செம்பூர்,
புதன் இரவு

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு,

உன் கடல்மீன் தொட்டியை எடுத்து நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். மணல் பழுப்பு, கல் பழுப்பு, முன் கண்ணாடியில் நீ விரலால் இழுத்த கோடு மட்டும் தெளிவு. அதன் பின்னாலேயே உன் அம்மாவின் குரல் பதிவும் வந்தது. "தம்பி, ரெண்டு மாசச் சம்பளத்தைக் கொட்டி வாங்கின தொட்டியில இப்ப சாணி கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. நீதான இவனுக்கு இந்த ஆசைய மூட்டிவிட்ட, நீயே வந்து பாரு" என்று அக்கா பொரிந்து தள்ளியிருக்கிறாள். அக்கா சொன்னதில் தப்பில்லை. ஆசையை மூட்டியவன் நான்தான்.

வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டுவிடலாம் என்று நாலு வரி தட்டினேன். நீ முதல் வரியைப் படித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவாய் என்று தோன்றியது. அதனால் காகிதத்துக்கு வந்துவிட்டேன்.

கடைக்காரர் கொடுத்த பாசிக்கொல்லி பாட்டிலை இன்றைக்கே அலமாரிக்கு மேலே ஏற்றிவிடு. தொட்டியைக் காலிசெய்து, கல்லையெல்லாம் வெந்நீரில் அலசி மறுபடி ஆரம்பிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதைச் செய்தால் ஐந்து வாரமாக நீ வளர்த்த பாக்டீரியா மொத்தமும் சாக்கடைக்குப் போகும். அப்புறம் அம்மோனியா ஏறும், நைட்ரைட் ஏறும், இரண்டும் இறங்கும், அதற்கடுத்த வாரம் இதே பழுப்பு இதே இடத்தில் வந்து உட்காரும். உன் டெஸ்ட் கிட் என்ன சொல்கிறது? அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. எனக்கு வந்த செய்திகளில் அந்த மூன்று எண்கள்தான் நல்ல செய்தி. நீயோ அதைப் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய்.

இதன் பெயரிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. எல்லோரும் பழுப்புப் பாசி என்கிறார்கள். உண்மையான பழுப்புப் பாசி என்பது மண்டபம் கடற்கரையில் அலை ஒதுக்கும் சர்காசம் மாதிரியானது. கையால் அள்ளிக் காயப்போடலாம். உன் தொட்டியில் இருப்பது டயாட்டம். ஒற்றைச் செல் உயிர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழுப்பு நிறமி இருக்கிறது, அதனால் வந்த வினை இந்தப் பெயர். டயாட்டத்தின் விசேஷம் அதன் ஓடு. நம் கண்ணாடி எந்தப் பொருளோ அதே சிலிக்காவால் அது தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் சம்படம் மாதிரி ஒரு அடிப்பாகம், அதன்மேல் கவிழ்ந்த ஒரு மூடி. தண்ணீரில் கரைந்த சிலிக்கா இல்லையென்றால் அதற்கு வீடு இல்லை. வீடு இல்லையென்றால் அது பெருகாது. வசதி இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இரண்டாகும். ஒன்று பத்து நாளில் ஆயிரத்துச் சொச்சம். போன வாரம் சுத்தமாக இருந்த மணல் இந்த வாரம் சாணியானதன் கணக்கு இவ்வளவுதான்.

புதுத் தொட்டியில் கல்லும் மணலும் கண்ணாடியும் ஆளில்லாத மனை. அங்கே முதலில் குடியேறுவது பாக்டீரியா, அதன் பின்னாலேயே டயாட்டம். கரைந்த சிலிக்காவைத் தின்று தீர்த்ததும் இரண்டு மூன்று வாரத்தில் அது தானாக வெளுத்து உதிரும். அப்புறம் பச்சை வரும். பல மாதம் கழித்து, அதிர்ஷ்டம் இருந்தால், கல்லில் ஊதா ரோஜா நிறத்தில் கெட்டியான படலம் பிடிக்கும். ஆகவே 'இதை எப்படிக் கொல்வது' என்று நீ கேட்டிருக்கும் கேள்வியை விட்டுவிடு. இது எதைத் தின்கிறது, அந்தத் தீனி எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று கேள். தீனி நின்றால் விருந்தாளி கிளம்பிவிடுவார். தினம் நீயே இலை போட்டுக்கொண்டிருந்தால் எந்த மருந்துக்கும் கிளம்பமாட்டார்.

நீ இலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். உன் இரண்டாவது படத்தில், தொட்டிக்குப் பின்னால், சமையலறைச் சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி தெரிகிறது. குடிதண்ணீர் ஆர்ஓ. அந்தத் தண்ணீரில்தான் உப்பைக் கரைத்தாய், இல்லையா? "ஆர்ஓ தண்ணிதான் மாமா ஊத்தினேன்" என்று நீ பெருமையாகச் சொன்னபோது நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

வீட்டு ஆர்ஓ பெரும்பாலானவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சவ்வு வடிகட்டிய சுத்தமான தண்ணீர் நாக்குக்குச் சப்பென்று இருக்குமென்று, சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் அதில் கலந்துவிடுவதற்கான ஏற்பாடு. குடிக்கிறவருக்கு நல்லது. உன் தொட்டிக்கு அது திறந்த கொல்லைக் கதவு. மும்பைத் தண்ணீர் பொதுவாக மென்னீர், உப்பு குறைவு, அதனால் நம் ஊரில் டிடிஎஸ் மீட்டர் எப்போதும் நல்ல பிள்ளையாகவே எண் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நீயும் ஏமாந்திருக்கிறாய்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசி. தான்சா, பாத்சா, வைத்தர்ணா, மோடக் சாகர், விஹார், துளசி. தாராவியில் சின்னப் பிள்ளையில் நானும் உன் அம்மாவும் ஏறி நடந்த ராட்சதக் குழாய்கள் எல்லாம் ஏரித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவருபவைதான். அந்த ஏரிகளைச் சுற்றிய மலையெல்லாம் கருங்கல், எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். மழை அதன்மேல் விழுந்து, கசிந்து, சிலிக்காவைத் துளித்துளியாகக் கரைத்துக்கொண்டு ஏரிக்கு வருகிறது. குடிக்கிற நமக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டயாட்டத்துக்கு அது சிமென்ட் லாரி.

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை. கரைந்த சிலிக்காவோ, சாதாரணத் தண்ணீரில் பெரும்பாலும் மின்னூட்டமே இல்லாமல் இருக்கிறது. மீட்டருக்கு அது கண்ணில் படாது. மீட்டர் 0 காட்டினாலும் சிலிக்கா உள்ளே இருக்கலாம். ஆர்ஓவுக்குப் பிறகு டிஐ ரெசின் என்று ஒரு குப்பி மாட்டுவார்கள். அந்த ரெசின் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் சிலிக்காவை அது பிடிக்கும் பிடி ரொம்பத் தளர்வு. ரெசின் களைத்துப்போகும்போது முதலில் கைநழுவுவதும் அதுதான். மீட்டர் 0-லிருந்து 1, 2 என்று ஏறுகிற அன்றைக்கு ரெசினை மாற்றுகிறவர்கள் உண்டு. அதற்குப் பல நாள் முன்பே சிலிக்கா நழுவ ஆரம்பித்திருக்கும். என் பழக்கம், எத்தனை லிட்டர் எடுத்தேன் என்று சுவரில் பென்சிலால் குறித்துவைத்து, மீட்டர் அசைவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவது. வாடகை வீட்டுச் சுவரில் குறித்தால் அக்கா உன்னைத் துரத்துவாள். நோட்டில் குறி.

இன்னொரு ஓட்டை, பலரும் கவனிக்காதது. உன் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சுமார் 190 லிட்டர். இந்த வெயிலில் மேலே மின்விசிறியும் வைத்திருக்கிறாய். தினம் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பும் சிலிக்காவும் உள்ளேயே தங்கும். அந்தக் குறைவை நீ தினம் அதே சமையலறைத் தண்ணீரால் நிரப்புகிறாய். ஒரு மாதத்தில் அது 60, 90 லிட்டர் ஆகிவிடும், தொட்டியில் பாதியை நெருங்கும் அளவு. அதிலிருக்கும் சிலிக்கா அத்தனையும் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். கடையில் எல்லோரும் மணலைத்தான் குறைசொல்வார்கள். "சிலிக்கா மணல் போட்டியா, அதான்" என்பார்கள். குவார்ட்ஸ் மணல் அவ்வளவு லேசில் கரையாது. கரைந்திருந்தால் சௌபாத்தி கடற்கரை இந்நேரம் காணாமல் போயிருக்கும். என் அனுபவத்தில் பத்துத் தொட்டியில் ஒன்பதில் குற்றவாளி வாளித் தண்ணீர்தான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தொட்டிக்கென்று டிடிஎஸ் கன்ட்ரோலர் இல்லாத தனி ஆர்ஓ, அதன் முடிவில் டிஐ குப்பி. காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தில் டிரம்மில் பிடித்துவை. ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரைக் கொட்டாதே, அக்கா துணி அலசட்டும், கோபம் பாதி குறையும். வாரம் 20 லிட்டர் மாற்று. அதற்கு உப்பு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறையப் பிடிக்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வரும்வரை பார்த்துச் சேர். மாற்றும்போது குழாயை மணலின் மேலே ஓட்டி அந்தப் பழுப்புத் தூளை உறிஞ்சிவிடு. விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறை. டர்போ நத்தை மூன்று போதும். கடைக்காரர் இருபது என்பார். டயாட்டம் தீர்ந்ததும் இருபதும் பட்டினி கிடந்து செத்து, அந்தச் சாவே தொட்டிக்கு அடுத்த வியாதியாகும்.

கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, உப்பு எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். தொண்ணூறுகளின் நடுவில், தாராவி கிராஸ் ரோட்டில் எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்தேன். மாஹிம் கரையிலிருந்து மண்ணெண்ணெய் டின் நான்கில், நன்றாகக் கழுவித்தான், தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு நாள் தெளியவிட்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் அறை முழுக்க நாற்றம். இரண்டு மீனும் மேலே மிதந்தன. மீட்டி நதி ஊர்ச் சாக்கடையெல்லாம் சுமந்துகொண்டு மாஹிமில்தான் கடலில் விழுகிறது. தெரிந்தேதான் ஊற்றினேன். கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று ஒரு நினைப்பு. அக்கா இதுவரை அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இந்தக் கரைத் தண்ணீரில் உப்பும் குறைந்துவிடும், கலங்கல் வேறு. வேண்டாம்.

கடல்மீன் பைத்தியம் எனக்குப் பிடித்தது மரைன் டிரைவ் தாராபோர்வாலா மீன்காட்சியகத்தில். பார்சிக்காரர் ஒருவர் கொடுத்த நன்கொடையில் எழுந்தது, 1951-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். மாஹிமிலிருந்து ஸ்லோ ரயில் பிடித்து சர்னி ரோட்டில் இறங்கினால் ரோட்டைத் தாண்டியதும் அது இருந்தது. உன் தாத்தா வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போவார். தோல் பட்டறையில் நாளெல்லாம் நின்ற கால், அங்கேயும் நிற்கும், ஆமைத் தொட்டி முன்னால் அரை மணி நேரம். அந்தக் கண்ணாடிகளில் எனக்குப் பிடித்தது ஓரத்து அழுக்கு. நடுவில் துடைத்திருப்பார்கள், மூலையில் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருக்கும், சின்ன மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருக்கும். 'அதுகளுக்கு அதுதான் சோறு' என்று தாத்தா சொன்னது ஞாபகமிருக்கிறது.

இப்போது உன் அவசரத்தைப் பற்றி. இணையத்தில் படித்துவிட்டு, பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள் பை வாங்கிப் போடவா என்று கேட்கிறாய். அது சிலிக்காவையும் கொஞ்சம் பிடிக்கும், உண்மை. ஆனால் புதுத் தொட்டியில் அதைத் தாராளமாகப் போட்டு, கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரையும் இரவும் பகலும் ஓட்டி, மீனுக்குத் தீனியையும் குறைத்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் துடைத்தெடுத்த மாதிரி 0-க்கு இறங்கும். அந்த வெறுமையில்தான் டைனோஃப்ளாஜலேட் வரும். அதுவும் பழுப்புதான், ஆனால் வேறு ஜாதி. டயாட்டம் தூசி, துடைத்தால் போகும். டைனோ சளி, நூல் நூலாகத் தொங்கும், நூலின் நுனியில் காற்றுக் குமிழ் இருக்கும், இரவில் குறைந்து மறுநாள் மதியம் இரண்டு பங்காகத் திரும்பி வரும். சில வகை நத்தைகளையே கொன்றுவிடும். டயாட்டத்தால் தொட்டியைக் கைவிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. டைனோவால் தொட்டியை விற்றுவிட்டுப் போனவர்கள் செம்பூரிலேயே எனக்கு இரண்டு பேர் தெரியும். இரண்டு பேருமே டயாட்டத்தை விரட்டக் கிளம்பியவர்கள்தான். உன் நைட்ரேட் 10-ஐ அப்படியே விட்டுவை.

உன்னுடையது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. கொஞ்சம் பழுப்பை உறிஞ்சி, தொட்டித் தண்ணீரோடு மூடிய குப்பியில் நன்றாகக் குலுக்கு. காகித வடிகட்டியில் வடித்து, வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் விளக்கடியில் ஒரு மணி நேரம் வை. டைனோ என்றால் கலைந்ததெல்லாம் மறுபடி ஒன்றுசேர்ந்து நூல் பிடிக்கும். டயாட்டம் என்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், அல்லது அடியில் கொஞ்சம் தூள் படியும். காகித வடிகட்டி என்றுதான் சொன்னேன். மாட்டுங்காவில் இருந்துகொண்டு அம்மாவின் பித்தளை காபி ஃபில்டரை இதற்கு எடுத்தால், அப்புறம் உன்னை நான் காப்பாற்ற முடியாது.

சூடு பற்றி ஒரு வார்த்தை. இப்போது தொட்டி 30 டிகிரி காட்டுகிறது என்கிறாய். 26 நல்லது, 28 வரை தாங்கும். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மழை இறங்கிவிடும். வெளியே குளிர்ந்தாலும் காற்று ஈரமாகி ஆவியாதல் மந்தமாகும், விசிறியின் வேலை பாதியாகிவிடும். மழை வந்தால் கவலை விட்டது என்று நினைக்காதே. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு இப்போதிருந்தே பணம் சேர்.

கல் விஷயம் மட்டும் நான் கோபமாக எழுதுகிறேன். 'ராமேஸ்வரம் லைவ் ராக்' தருவதாக ஒரு கடையில் சொன்னார்களாம், அதில் பவளத் துண்டும் ஒட்டியிருக்குமாம், அதைப் போட்டால் பழுப்பு சீக்கிரம் போய்விடுமாம். தொடாதே. கடல் பவளங்கள் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே பட்டியலில் இருப்பவை. கடல்குதிரைக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, அதையும் யாராவது காட்டுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளில் இரண்டு இன்றைக்குக் கடலுக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம். தமிழ்நாட்டுக் கரையை நாமே மாட்டுங்காவுக்குத் துண்டு துண்டாகக் கொண்டுவர வேண்டாம். உலர் கல்லில் பாக்டீரியா வளர நாலு வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். மீனிலும் அதே கேள்வி கேள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கக் கற்றுக்கொடுத்து வருஷங்கள் ஆகின்றன. பண்ணையில் பிறந்தது தொட்டிக்குப் பழகியிருக்கும், தீனியும் எடுக்கும். ஒரு ஜோடி வாங்கு, அதுவும் பழுப்பு இறங்கிய பிறகு. நீ ஆசைப்படும் அந்த நீல டாங் ஒரு அடி வளர்கிற மீன். உன் மூன்றடிக்குள் அது ஜெயில்.

நீ வேதியியல் படித்தவன், உனக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். சம்படம் என்றேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டயாட்டம் இரண்டாகும்போது ஒரு பிள்ளைக்கு மூடி போகும், இன்னொன்றுக்கு அடிப்பாகம். இரண்டுமே தங்களுக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே பொருந்தும் அடிப்பாகத்தைப் புதிதாகச் செய்யும். ஆக ஒரு கிளை தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஓட்டையே உதறிவிட்டு, உப்பிப் பெரிதாகி, பழைய அளவில் புது ஓடு கட்டிக்கொள்ளும். இந்த உப்புதலை 1940-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் எம்.ஓ.பி. அய்யங்காரும் அவருடைய மாணவர் ஆர். சுப்ரமணியனும். அய்யங்காரை இந்தியப் பாசியியலின் தந்தை என்பார்கள். சுப்ரமணியன் 1946-ல் சென்னைக் கடற்கரையின் டயாட்டங்களை ஒவ்வொன்றாக வரைந்து வகைப்படுத்திப் பெரிய கட்டுரை ஒன்று வெளியிட்டார். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சம்படக்காரர்கள் வேலை. செத்த டயாட்டங்களின் ஓடு குவிந்த மண்ணில்தான் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை ஊறவைத்து டைனமைட் செய்தார். நீ அலச நினைக்கும் சாணியின் குலம் கோத்திரம் இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஐ குப்பியோடு வருகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன். அக்காவிடம் எனக்கும் சேர்த்து இட்லிக்கு மாவு வைக்கச் சொல். முன் கண்ணாடியை வேண்டுமானால் துடைத்துக்கொள், அக்கா கண்ணுக்கு ஆறுதலாக இருக்கும். பின் கண்ணாடியைத் தொடாதே. காலேஜில் லேப் அட்டெண்டராக இருந்த பழைய சிநேகிதன் ஒருவன் மைக்ராஸ்கோப் இரவல் தருகிறேன் என்றிருக்கிறான். நானூறு மடங்கில் பார்க்கலாம்.

மாமா